ஐந்தாவது சக்கரம் இல்லாதவன்

என் காரில் ஸ்டெப்னி கிடையாது. இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன் என்றால்கூட இவ்வளவு அனுதாபம் கிடைப்பதில்லை. "வாங்கும்போது பாக்கலையா?" என்கிறார்கள். பார்த்துத்தான் வாங்கினேன். மின்சாரக் கார்களில் பலவற்றுக்கு அது கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை; என்னிடமிருந்து யாரோ திருடிவிட்டதாகவே நினைக்கிறார்கள்.

இது சட்டம் அனுமதித்த குறை. 2020-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநரையும் சேர்த்து 9 இருக்கைக்கு மிகாத, 3.5 டன்னைத் தாண்டாத வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்று குறைந்தால் சொல்லும் கருவியும், பஞ்சர் பார்க்கும் பெட்டியும் இருந்தால் போதும், ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்த வருடம் அக்டோபரிலிருந்து இதுதான் நடைமுறை. பேட்டரிக்கு இடம் வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்று வந்தபோது கம்பெனிக்காரர்கள் கைவைத்தது ஐந்தாவது சக்கரத்தில். விலையிலும் கொஞ்சம் கைவைத்திருக்கலாம், தோன்றவில்லை போலிருக்கிறது.

சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. மோட்டார் வண்டி மாற்றுச் சக்கரத்தோடு பிறக்கவில்லை. டயர் போனால் கோட்டும் தொப்பியுமாக வந்த துரை நடுரோட்டில் மண்டியிட்டு, டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டித்தான் ஊர் போய்ச் சேர வேண்டும். 1904-ல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதில் காற்றடித்துத் தயாராக வைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதைக் கவ்வ வைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். தெருவின் பெயர் சாமானுக்கு வந்தது. சாமான் போன ஊருக்கெல்லாம் பெயரும் போனது. நான் பல லட்சம் கொடுத்து 1903-க்குத் திரும்பியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு வந்த குருக்கள் நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னிக்கும் வைப்பது அவர் வழக்கம். உள்ளே ஒரு கருப்பு டப்பாவும் வெள்ளை பாட்டிலும் இருந்தன. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பாட்டிலுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

அந்தப் பாட்டிலில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறது கையேடு. ஓட்டையை அடைக்கும் ரப்பர்க் கரைசல் அது. ஆணியைப் பிடுங்கக் கூடாது. பாட்டிலைக் கம்ப்ரசரோடு மாட்டி, கம்ப்ரசரை வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகி, கரைசலையும் காற்றையும் சேர்த்து டயருக்குள் ஏற்ற வேண்டும். உடனே வண்டியை எடுத்துச் சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்றக் கரைசல் ஓட்டையைத் தேடிப் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு நிறுத்திக் காற்றுப் பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று கண்ணெதிரே ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரும் உண்டு. ஆனால் ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் என்றாலோ, டயரின் பக்கவாட்டில் கிழிந்தாலோ பாட்டில் கைவிரித்துவிடும். அதற்குக் காலாவதித் தேதி வேறு. இருமல் மருந்தைத் தேதி பார்க்காமல் குடிக்கும் எங்கள் வீட்டில், இந்தப் பாட்டிலுக்கு மட்டும் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது.

ராமநாதபுரத்தில் வழக்கமாகப் போகும் டயர் கடைக்காரரிடம் பெட்டியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஷினு நல்ல மிஷினு சார். பாட்டிலை மட்டும் ஊத்திக்கிட்டு எங்கிட்ட வந்துறாதீங்க. டயரைப் பிரிச்சா மூஞ்சி, சட்டையெல்லாம் தெறிக்கும். கழுவி எடுக்குறதுக்குள்ள உசிரு போயிரும்" என்றார். அப்படியானால் என்ன செய்வது? "டியூப்லெஸ்ல ஆணி ஏறுனா காத்து பொசுக்குனு போயிறாது. ஆணியே அடைச்சுக்கிட்டு நிக்கும். காத்தை ஏத்துங்க, அடுத்த கடை வரைக்கும் பையப் போங்க. ஒரு ஸ்ட்ரிப் சொருகுனா வேலை முடிஞ்சுது." கம்பெனி ஒன்று சொல்கிறது, ராமநாதபுரம் ஒன்று சொல்கிறது. நான் ராமநாதபுரத்தை நம்பினேன், பாட்டிலையும் விட்டுவிடவில்லை.

அதன் பிறகுதான் சேகரிப்பு ஆரம்பமானது. ஸ்ட்ரிப் சொருகும் ஊசி, ஓட்டையைச் சுத்தம் செய்யும் திருகு கம்பி, ரப்பர் சொல்யூஷன். ஆணி பிடுங்கக் குறடு. ஸ்டெப்னி இல்லாத வண்டிக்குக் கம்பெனி ஜாக்கியும் தரவில்லை. நியாயம்தான், தூக்கி நிறுத்திவிட்டு என்ன செய்வது? ஆனாலும் வாங்கினேன். காற்று அளக்க ஒரு மீட்டர். அதை நம்பாமல் இன்னொரு மீட்டர். இரண்டும் வேறு வேறு சொல்லவே, தீர்ப்புக்கு மூன்றாவது. டார்ச், கையுறை, மழைக்கோட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க ஒரு கோரைப்பாய். ஒரு மாற்றுச் சக்கரம் சுமார் 15 கிலோ இருக்கும்; அந்த எடையை மிச்சம் பிடிக்கத்தான் அதையே எடுத்தார்கள். என் ஏற்பாடுகளைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தபோது எடை அதைத் தாண்டிப் போனது. "இரும்பு ரேட்டுல போட்டுக்கவா சார்?" என்றார் கடைக்காரர்.

"இதுக்குப் பேசாம ஒரு சக்கரத்தையே வாங்கிப் போட்டிருக்கலாம்லங்க?" என்றாள் மனைவி. கேள்வியில் நியாயம் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

சாமான் மட்டும் போதாதே, ஆளும் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் இக்கட்டு என்றால் கூப்பிட 1033 இருக்கிறது. அதைவிட எனக்குத் தெம்பு தருபவை பஞ்சர் கடைகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று தூத்துக்குடி வரை எங்கெங்கே பழைய டயரைத் தொங்கவிட்டிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் அந்த வழியில் கடலைப் பார்க்கிறார்கள், பனைமரம் பார்க்கிறார்கள். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை மதியம் பஞ்சராகக் கூடாது என்பதெல்லாம் அனுபவஸ்தர்களுக்குத்தான் தெரியும். கடைக்காரர் தொழுகைக்குப் போயிருப்பார். நம் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகள் பலவற்றில் மலையாளம் கேட்கும். சுற்றிலும் சீமைக் கருவேலங்காடு, நடுவில் ஒரு கம்ப்ரசர், ஒரு பல்பு, ஒரு சேட்டன். எந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையமும் எனக்கு இந்த நிம்மதியைக் கொடுத்ததில்லை.

இவ்வளவுக்கும் மேலே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. காற்று குறைந்தால் எரியும். கொடைக்கானலில் ஒரு விடியற்காலை எரிந்தது. குளிரில் காற்று சுருங்கி அழுத்தம் இறங்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? விடுதி வாசலில் கம்ப்ரசரைப் போட்டேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்று காலை அந்த விடுதியில் எல்லோரும் சூரிய உதயம் பார்த்தார்கள்.

என் சகலைக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவருடையது பழைய டீசல் வண்டி. ஸ்டெப்னி அடிவயிற்றில் தொங்கும். "உங்க வண்டி நாலு கால் சகலை, நம்மளுது அஞ்சு" என்று விசேஷ வீடுகளில் என்னைக் கண்ட இடத்தில் சொல்வார். அவர் பேத்திக்குத் திருச்செந்தூரில் காது குத்து. இரண்டு வண்டியிலும் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சாயல்குடி தாண்டியதும், காதுக்கு முன்னால் டயருக்குக் குத்து விழுந்தது. சாலை ஓரத்துக் கருங்கல் ஒன்று அவருடைய முன்டயரின் பக்கவாட்டை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. பார்த்ததும் எனக்கு வியர்த்தது. இதே கிழிசல் என் டயரில் என்றால் பாட்டில், ஸ்ட்ரிப், மூன்று மீட்டர் எதுவும் உதவாது. கோரைப்பாயில் படுத்துக்கொள்ளலாம்.

சகலை கம்பீரமாக இறங்கினார். ஸ்டெப்னியை இறக்கப் பின்பம்பர் ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டுத் திருக வேண்டும். அந்தக் கம்பியைத் தேடுவதற்கு முதலில் சீர்த் தட்டுகளை இறக்கினோம், பிறகு அத்தையை இறக்கினோம். துருப்பிடித்த சங்கிலி முனகிக்கொண்டே சக்கரத்தைக் கீழே விட்டது. தட்டினால் தொப்பென்றது. காற்று இல்லை. அழுக்கைத் துடைத்து டயரில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தேன்: 2214. அதாவது 2014-ம் வருடம் 22-வது வாரம் தயாரானது. அன்றிலிருந்து அதை யாரும் நலம் விசாரித்ததாகத் தெரியவில்லை.

சகலை என்னைப் பார்த்தார். நான் கம்ப்ரசரை எடுத்து வந்தேன். அது கதறி முடித்தபோது 33 வந்திருந்தது. என் மூன்று மீட்டர்களும் ஒருமனதாகச் சொன்னது அன்றைக்குத்தான். நட்டு அசையாததால் ஸ்பானர் மேல் சகலையின் மருமகன் ஏறிக் குதித்தார். மெதுவாக உருட்டித் தூத்துக்குடி போய், புது டயர் போட்டு, திருச்செந்தூர் சேர்ந்தோம். பேத்தி எங்களைவிடக் குறைவாகத்தான் அழுதது.

பந்தியில் சகலை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன இருந்தாலும் வண்டின்னா ஸ்டெப்னி இருக்கணும்ப்பா. இன்னிக்கு அது மட்டும் இல்லேன்னா நடுரோட்டுல நின்னுருப்போம்." காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தேன்.

கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்த மிஷின் என்ன விலை சகலை?" சொன்னேன். "நமக்கும் ஒண்ணு சொல்லிவிடுங்க" என்றார். நானும் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, அவர் வண்டிச் சக்கரம் ஒன்று என் வண்டிக்குச் சேருமா என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தோம். அவருக்கு ஐந்து நட்டு, எனக்கு நாலு. இருவரும் கையைக் கழுவிக்கொண்டு வெற்றிலை எடுக்கப் போனோம்.