எச்-குறியீட்டின் மகிமை

ஒருவருடைய கட்டுரைகளில் எத்தனை, குறைந்தது அத்தனை முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதைச் சொல்லும் எச்-குறியீட்டை 2005-இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்தது, மூளையியல் அறிஞர்களின் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும் வீண் வேலையிலிருந்து தேர்வுக்குழுக்களை விடுவித்த பெருங்கொடையாகும். மேற்கோளைப் பிறர்தான் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லாததால், ஒரே எலிப் பரிசோதனையை நான்காக நறுக்கி வெளியிட்டு, அந்நான்கையும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டி உறவு கொண்டாடச் செய்வது சுயசார்பின் உச்சம் எனலாம். நேச்சர் இதழில் 2006-இல் வெளியான ஆல்சைமர் நோய் பற்றிய கட்டுரையொன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டபோதும், அதுவரை சேர்ந்த ஏறத்தாழ 2,500 மேற்கோள்களை எவரும் திருப்பிக் கேட்காதது கல்வியுலகின் பெருந்தன்மை. இத்துறையில் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது, 2009-இல் அறிவிக்கப்பட்ட ஆய்வொன்றில், மூளையின் இரத்த ஓட்டத்தைக் கொண்டு அதன் இயக்கத்தைக் கணிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் கிடத்தப்பட்டு, மனிதர்களின் படங்கள் காட்டப்பட்ட சால்மன் மீனே. புள்ளியியல் திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளை சுறுசுறுப்பாக இயங்கியது, ஆய்வாளர்களுக்கு 2012-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது, மேற்கோள்களும் குவிந்தன, ஆனால் ஆய்வு தொடங்குமுன்பே செத்துவிட்ட காரணத்தால் பதவி உயர்வுக்கு மட்டும் அது விண்ணப்பிக்கவில்லை.