தீக்குச்சி தில்லியில், எண்ணெய் எண்ணூரில்

1327 வாக்கில் தில்லியைக் கிளப்பித் தௌலதாபாத்துக்கு நடத்திக்கொண்டுபோன முகமது பின் துக்ளக், இன்னும் இரண்டு வாரம் மேற்கே நடந்திருந்தால் அரபிக்கடலே வந்திருக்கும். தலைநகருக்கு ஒரு கடற்கரை, சுண்டல் விற்க நாலு பையன்கள் என்று சரித்திரமே மாறியிருக்கும். மனிதர் பாதியில் நின்றார், பிறகு எல்லோரையும் திரும்பவும் தில்லிக்கே போகச் சொன்னார். கடலைக் கண்ணால் பார்க்காமலே கடலுக்கு உத்தரவு போடும் வேலை அந்த ஊருக்கு நிரந்தரமாகிவிட்டது.

1977-ல் கடலோரக் காவல்படை பிறந்தது. அதன் தலைமையகத்துக்கு வாய்த்த விலாசம் புது தில்லி, தேசிய விளையாட்டரங்க வளாகம். பக்கத்தில் இந்தியா கேட், உள்ளே ஹாக்கி மைதானம். கடலில் எண்ணெய் கொட்டினால் கவனிக்கும் பொறுப்பு 1986-ல் இந்தப் படையின் தலையில் ஏறியது. எப்படிக் கவனிப்பது என்ற தேசியத் திட்டத்துக்குச் செயலாளர்கள் குழு 1993-ல் சம்மதம் சொன்னது. திட்டம் 1996-ல் வெளியானது. கோப்புக்கு அது நல்ல வேகம்தான். எண்ணெய்க்குத்தான் அவ்வளவு பொறுமை கிடையாது.

கொட்டிய எண்ணெயைக் கடலிலேயே கொளுத்திவிடலாம் என்ற யோசனை எந்த ஊர் ஆசாமிக்கும் முதலில் வரக்கூடியதுதான். வெள்ளைக்காரனுக்கும் வந்தது. 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற டேங்கர், ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயோடு, இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் பட்டப்பகலில் ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. கப்பல் லைபீரியக் கொடியில், கேப்டன் இத்தாலியர், சரக்கு பிரிட்டிஷ் கம்பெனிக்கு. ஆகவே யாருடைய தலைவலி என்றே தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் இழுத்துப் பார்த்தார்கள். கப்பல்தான் உடைந்தது. அங்கேயே பக்கத்துத் தீவில் விடுமுறை வீடு வைத்திருந்த பிரதமர் ஹெரால்ட் வில்சனின் அரசு, கடைசியில் விமானப்படையை அனுப்பிக் குண்டு போடச் சொன்னது.

நகராத கப்பல், திருப்பிச் சுடாத எதிரி. அப்படியும் கால்வாசிக் குண்டு குறி தவறிக் கடலில் விழுந்தது. எரிந்த தீயை அலை வந்து அணைத்தது. மறுபடி குண்டு, மேலே விமானப் பெட்ரோல், அதற்கும் மேலே நேபாம். எண்ணெயில் ஒரு பகுதி எரிந்தது, மிச்சம் கரைக்குப் போனது. கரையில் அதை டிடர்ஜென்ட் ஊற்றிக் கழுவினார்கள். எண்ணெய் கொன்றதைவிட அந்த டிடர்ஜென்ட் கொன்ற கடலுயிர்கள் அதிகம் என்று பிறகு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

விஷயம் என்னவென்றால், கடலில் கிடக்கும் எண்ணெய்க்குக் குண்டெல்லாம் வேண்டாம். அதற்கு வேண்டியது தடிமன். இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்கும் மெலிந்தால் கீழே இருக்கும் தண்ணீர் சூட்டை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும். தீப்பிடிக்காத மிதவைத் தடுப்பை இரண்டு படகுகள் ‘யு’ வடிவில் இழுத்துப்போய் எண்ணெயை ஒதுக்கி, கெட்டிப்படுத்திய பெட்ரோலை ஒரு பையில் கட்டிக் கொளுத்தி மிதக்க விட்டால் போதும். அலாஸ்காவில் 1989-ல் எக்ஸான் வால்டெஸ் என்ற டேங்கர் பாறையில் மோதிய மறுநாள் சாயங்காலம் இப்படித்தான் சோதனை நடத்தினார்கள். பிரமாதமாக எரிந்தது. அதற்கடுத்து வந்த புயல் எண்ணெயையும் கடல்நீரையும் சேர்த்துக் கடைந்து கேழ்வரகுக் களியாக்கிவிட்டது. கால்பங்குக்கு மேல் தண்ணீர் கலந்த களியைக் கொளுத்துவது பெரும்பாடு. முதல் ஓரிரு நாள் தப்பினால் தீக்குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் உடைந்த கடலடிக் கிணற்றிலிருந்து எண்ணெய் புதிதாக ஊறிக்கொண்டே இருந்ததால் 411 முறை கொளுத்த முடிந்தது. அத்தனை புகையிலும் மொத்தக் கசிவில் போனது இருபதில் ஒரு பங்குதான்.

இப்போது நம்ம எண்ணூர். 2017 ஜனவரி 28, விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. அவ்வளவு பெரிய வங்காள விரிகுடாவில் ஒன்றுக்கொன்று வழிவிட இடம் போதவில்லை. எண்ணெய்க் கசிவு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகம் அறிவித்தது. எண்ணெய்க்கு இந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது எர்ணாவூர்க் கரையில் கற்களுக்கு நடுவே ஜம்மென்று திரண்டு, களியாகவும் ஆகிவிட்டது.

கொளுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கசிந்தது கெட்டியான கப்பல் எரிபொருள். கைக்கெட்டும் தூரத்தில் மீனவர் குப்பங்கள். பக்கத்தில் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் பெட்ரோலியச் சரக்கைச் சுமந்த கப்பல். அங்கே தீக்குச்சி கிழிக்க வில்சனுக்கே கை நடுங்கியிருக்கும். ஆனால் கொளுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கவே, முதலில் கொட்டிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! நாம் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

கழிவுநீர் லாரிகளைக் கொண்டுவந்து உறிஞ்சிப் பார்த்தார்கள். குழாய் திணறியது. கடைசியில் வந்தது வாளி. சில நாள் முன்புதான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிக் கலைந்திருந்த ஊர். ஆள் சேர்வதற்குக் குறைவில்லை. மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடலோரக் காவல்படையினர் எல்லோரும் வரிசையில் நின்று கை மாற்றிக் கை வாளி கடத்தினார்கள். உலகமே படம் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட ஒரு வாளி தூக்கவில்லை.

தில்லியும் சும்மா இருந்ததாகச் சொல்லக் கூடாது. அள்ளிய களியைத் தின்ன வடக்கிலிருந்து பாக்டீரியா வந்தது. தில்லியின் டெரி நிறுவனமும் இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆய்வகமும் வளர்த்த, எண்ணெய் தின்னும் ரகம். துறைமுக வளாகத்தில் குழி வெட்டி, களியைக் கொட்டி, இவற்றை அவிழ்த்துவிட்டார்கள். யாரிடமும் குறிப்பாணை கேட்காமல் வந்த அன்றே வேலையைத் தொடங்கிய வகையில், அந்தப் பக்கத்து ஆட்களில் இவை அபூர்வம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. ஆலை முதலில் தங்கள் குழாய்களில் கசிவில்லை என்றது. மீனவர்கள் படகில் ஏறிக் கையால் அள்ளினார்கள். 2017-க்கும் இதற்கும் நடுவே தொழில்நுட்பம் முன்னேறியிருந்தது: இந்தத் தடவை வாளியோடு பிளாஸ்டிக் மக்கும் இருந்தது. தேசியத் திட்டத்தின் அடுத்த பதிப்பில் அதற்கு ஓர் இணைப்புப் பட்டியல் ஒதுக்கலாம்; செயலாளர்கள் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.