துணைவேந்தர் ஆகோணுமா கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. டாக்டர் பட்டம் வாங்கி இத்தனை வருசமாச்சு, இன்னும் வேலை நிரந்தரமாகலைன்னு உங்கம்மா மூக்கைச் சிந்தறா. நீ என்னடான்னா ஒருநாளைக்குத் துணைவேந்தராகிக் காட்டறேன்னு வீறாப்புப் பேசற. நல்ல ஆசைதான். அப்பாரு எட்டாவதோட நின்னவன். ஆனாலும் தினமும் பேப்பரை எழுத்துக்கூட்டிக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவன். நாஞ் சொல்ற நாலு புத்தியைக் கேட்டுக்கோ. அந்தப் பதவிக்கு ஓசியில கெடைக்கிறது இது ஒன்னுதான்.

மொத புத்தி: நாற்காலி யாரோடதுன்னு தெரிஞ்சுக்கோ. 1857-ல கல்கத்தா, பம்பாய், சென்னைன்னு மூணு ஊருலயும் வெள்ளைக்காரன் பல்கலைக்கழகம் தொறந்தான். பாடம் நடத்தறதுக்கு இல்ல சாமி, பரீட்சை வெச்சுப் பட்டம் குடுக்கறதுக்கு. லண்டன்ல அப்படித்தானாம், அதையே இங்க கொண்டாந்து நட்டான். நம்ம சென்னையில மாகாண கவர்னரு வேந்தர். 1947-ல வெள்ளைக்காரன் கப்பலேறினான். அவன் கழட்டி வெச்ச வேந்தர் அங்கி மட்டும் கப்பலேறல. போட்டுக்கறவங்க மாறினாங்க, அங்கி அப்படியே இருக்குது.

அதை யாரு போட்டுக்கறதுன்னுதான் இப்பத்த சண்டை. நேத்து மொளச்ச சண்டைன்னு நெனைக்காத. 1994-லயே, சென்னா ரெட்டி கவர்னரா இருந்தப்ப, முதலமைச்சரே வேந்தர்னு ஜெயலலிதா ஆட்சியில சட்டமன்றம் மசோதா போட்டுது. அது நடப்புக்கு வரல. 2010-ல, மத்திய-மாநில உறவை ஆராய்ஞ்ச பூஞ்சி கமிசன், கவர்னருக்கு இந்த வேந்தர் சோலியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துது. அதைப் படிச்சு யாருக்குத் தூக்கம் கெட்டுது? 2022 ஏப்ரல்ல, துணைவேந்தரை மாநில அரசே நியமிக்கும்னு மறுபடி மசோதா. குசராத்துல மாநில அரசு நியமிக்கலாம், நாங்க நியமிச்சா மட்டும் குத்தமான்னு கேட்டாங்க. ஞாயமான கேள்விதான். மந்திரி கையில குடுத்தா கட்சிக்காரன்தான வருவான்னு மறுபக்கம் கேட்டாங்க. அதுவும் ஞாயந்தான். ரெண்டு பக்கமும் ஞாயம் இருந்துபோட்டா வழக்கு சீக்கிரம் முடியாது கண்ணு.

கவர்னர் ரவி 2023 நவம்பர்ல அதையும் சேத்துப் பத்து மசோதாவைத் திருப்பி அனுப்புனாரு. சட்டமன்றம் ஒரு வாரத்துக்குள்ள மறுபடி நெறவேத்தி அவருக்கே அனுப்புச்சு. அவரு அதை ஜனாதிபதி பக்கம் தள்ளிவிட்டாரு. 2025 ஏப்ரல் 8-ல சுப்ரீம் கோர்ட்டு, பத்துக்கும் ஒப்புதல் கெடைச்சதாத்தான் கணக்குன்னு சொல்லுச்சு. இந்தப் பக்கம் பட்டாசு. மே 21-ல ஐகோர்ட்டு, துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை போட்டுது. அந்தப் பக்கம் பட்டாசு. நவம்பர் 20-ல ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு அஞ்சு நீதிபதிக, கோர்ட்டு கவர்னருக்குக் கெடு வெக்கவும் முடியாது, தானா ஒப்புதல் கெடைச்சதா எடுத்துக்கவும் முடியாதுன்னு கருத்துச் சொன்னாங்க. மறுக்காவும் பட்டாசு. கடைசியில நல்லாப் பொழச்சது பட்டாசுக் கடைக்காரன்தான்.

இந்தச் சண்டையில நாற்காலி என்னாச்சுன்னும் பாரு. லட்சுமணசாமி முதலியார்னு ஒருத்தரு, 1942-ல இருந்து 1969 வரைக்கும் 27 வருசம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தரு. நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாருன்னு அன்னிக்கு மொனகுனவங்க இருந்திருப்பாங்க. அதே நாற்காலி 2023 ஆகஸ்டுல காலியாச்சு. உக்கார ஆளைப் போடறதுக்குள்ள வருசம் மேல வருசமாப் போச்சு. அதனால நீ விண்ணப்பம் போடறப்ப, தகுதி என்னன்னு கேக்கறதுக்கு முன்னால, அன்னைக்குத் தேதிக்கு எந்தக் கோர்ட்டு என்ன சொல்லியிருக்குதுன்னு கேட்டுக்கோ.

ரெண்டாவது புத்தி: படிப்பை இதோட நிறுத்திக்கோ. 2025 சனவரியில, பல்கலைக்கழக மானியக் குழுங்கற யுஜிசி ஒரு வரைவு விதி வெளியிட்டுது. தேடுதல் கமிட்டியை வேந்தரே அமைப்பாராம். பேராசிரியரா இருந்தவங்க மட்டுமில்ல, தொழில்துறையிலயோ அரசு நிர்வாகத்துலயோ பத்து வருசம் பெரிய பதவியில இருந்தவங்களும் துணைவேந்தராகலாமாம். அறிவுத்துறையில பங்களிப்பும் வேணும்னு ஒரு வரி சேத்திருக்குறாங்க, அது ஊறுகாயாட்டம். உங்கக்கா மாப்பிள்ளை ஸ்பின்னிங் மில்லுல மேனேஜரா இருக்குறானே, அவனை நீ இளப்பமாப் பேசுவ. இனிமே அவனைக் கண்டா எந்திரிச்சு நில்லு. வரைவு அப்படியே சட்டமாகிப்போச்சுன்னா நாளைக்கு உன்ற பைல்ல கையெழுத்துப் போடறவன் அவனாவும் இருக்கலாம்.

பணம் தேடி வெச்சுக்கோன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுது. ஆனா பேப்பருல வந்ததைச் சொல்லலாமில்ல? 2018 பிப்ரவரியில, நம்ம கோயமுத்தூருல, உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் வாங்குனாருன்னு பதவியில இருந்த துணைவேந்தரையே லஞ்ச ஒழிப்புப் போலீசு கைது பண்ணுச்சு. ஒரு லட்சம் ரொக்கம், மிச்சம் 29 லட்சத்துக்குச் செக்குன்னு புகாரு. நெசமா பொய்யான்னு கோர்ட்டு பாத்துக்கும். நான் வேற ஒன்னைத்தான் ரோசனை பண்ணுனேன். நம்ம பக்கம் மாட்டு யாவாரிகூடச் செக்கு வாங்க மாட்டான். புகாரு நெசமாயிருந்தா, உயர்கல்வியில எத்தாச்சோடு நாணயம் இருக்குது பாரு!

மூணாவது புத்தி: சாதிக் கணக்குல தேறப் பாரு. இதுல மந்திரியையும் கவர்னரையும் மட்டும் வையாத. துணைவேந்தர் பேரு பேப்பருல வந்த அன்னிக்கு நம்மூரு டீக்கடையில உக்காந்து பாரு. அவரு எந்தப் பாடம், என்ன புத்தகம் எழுதியிருக்குறாருன்னு ஒருத்தன் கேப்பானா? "எந்த ஆளுக?"ன்னுதான் மொதக் கேள்வி. நம்ம ஆளுன்னா பேனரு. இல்லீன்னா, இந்தத் தடவையும் நம்மளை ஒதுக்கிப்போட்டாங்கன்னு பொலம்பலு. நானும் அந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன்னு வெச்சுக்கோ. ஊரு கேக்காத தகுதியை கவர்னர் மாளிகையும் கோட்டையும் எதுக்குப் பாக்கோணும்?

நாலாவதுதான் முக்கியமான புத்தி: கம்முனு இரு. உயர்கல்விச் சேர்க்கையில மாநிலங்களுக்குள்ள தமிழ்நாடு மொதல்னு மேடையில சொல்றாங்க, அது பொய்யில்ல. 2021-22 கணக்குப்படி, உயர்கல்வி படிக்கற வயசுல இருக்கறவங்களுக்கு நாடு பூராவும் சேர்க்கை நூத்துக்கு 28.4, நம்ம மாநிலத்துல 47. காடுகரை வேலைக்குப் போன பொம்பளைக பெத்த புள்ளைக இன்னிக்கு பஸ் ஏறிக் காலேஜுக்குப் போகுது. அதைப் பாக்க எனக்கும் நெஞ்சு நெறையுது. ஆனா அரசுக் காலேஜுல அந்தப் புள்ளைகளுக்குப் பாடம் நடத்தறது யாரு? உன்னாட்டம் 7,000-த்துக்கும் மேல கௌரவ விரிவுரையாளருக. மாசம் 25,000. வருசத்துல பதினோரு மாசந்தான் சம்பளம். மே மாசத்துல வாத்தியாருக்குப் பசிக்காதுன்னு எந்த ஆராய்ச்சியில கண்டுபுடிச்சாங்களோ தெரியல. 2019-லயே யுஜிசி, வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லிப்போட்டுது.

நிரந்தர வேலைன்னு 2019-ல 2,331 இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு. நீ புதுச் சட்டை எடுத்த. 2024 மார்ச்சுல 4,000 இடம்னாங்க. பரீட்சை தள்ளிப்போச்சு. 2025 அக்டோபர்ல மறுபடி ஒரு அறிவிப்பு, 2,708 இடத்துக்கு. அறிவிப்பு வளந்துச்சு, தேஞ்சுச்சு. உனக்குத் தலைமுடி மட்டும் ஒரே சீரா நரைச்சுக்கிட்டு வருது.

இப்ப ஒரு வேடிக்கையைப் பாரு சாமி. ஒரே ஒரு நாற்காலிக்கு ஆளு போடறது யாருன்னு டெல்லி வரைக்கும் வழக்கு. பெரிய பெரிய வக்கீலுக, மாசக்கணக்குல வாதம். டெல்லி போடற விதி எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு இவிய. டெல்லி விதிதான் பெருசுன்னு அவிய. அதே யுஜிசி சொன்ன 50,000 விசயத்துல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. குடுக்கோணும்னு இவிய தவிக்கல. குடுத்தாகோணும்னு எந்த கவர்னரும் பைலைத் திருப்பி அனுப்பல. கோர்ட்டுக்குப் போனவங்க உன்னாட்டம் வாத்தியாருகதான். இந்த ஒத்துமை எப்படி வந்துச்சுன்னு வகுப்புல கேட்டுப்போடாத. கேட்டா அடுத்த சூன்ல உன்ற பேரு பட்டியல்ல இருக்காது. அரசியல் பாடமே நடத்துனாலும் அரிஸ்டாட்டிலோட நிறுத்திக்கோ. அவரு யாரையும் மாத்தல் பண்ண மாட்டாரு.

என்ன முழிக்கற? இந்த நாலுக்கும் நீ ஒத்து வரமாட்டீன்னு எனக்குத் தெரியும். அப்படியும் தப்பித்தவறி அந்த நாற்காலி உனக்கு வந்துபோட்டுதுன்னா ஒரே ஒரு காரியம் பண்ணு. ரேசன் கடையில அரிசி எத்தனை, சக்கரை எத்தனைன்னு இருப்புப் பலகை வெக்கறாங்களே, அதாட்டம் ஒவ்வொரு துறை வாசல்லயும் ஒரு பலகை மாட்டு. அனுமதிச்ச வாத்தியாரு இடம் எத்தனை, அதுல ஆளு இருக்கறது எத்தனை, எத்தனை வருசமாக் காலி, தற்காலிக ஆளுக்கு மாசச் சம்பளம் எத்தனைன்னு சாக்பீஸ்லயே எழுதிப்போடு. புள்ளையைச் சேக்க வர்ற அப்பனாத்தா கட்டடத்தை அண்ணாந்து பாக்கறதுக்கு முன்னால அதைப் படிக்கட்டும். இதுக்கு மசோதா வேண்டாம், ஒப்புதல் வேண்டாம், சுப்ரீம் கோர்ட்டும் வேண்டாம். ஒரு பலகையும் ஒரு ஆணியும் போதும்.

பலகை மாட்டுன வாரத்துலயே உன்னை எறக்கிப்போடுவாங்க. கோட்டைக்கும் கவர்னர் மாளிகைக்கும் அந்த ஒரு விசயத்துல மட்டும் ஒரே நாள்ல ஒத்துமை வந்துரும். அத்தனை வருச வழக்கை ஒரு ஆணியால தீத்து வெச்ச பெருமை உனக்குத்தான். வெசனப்படாத கண்ணு. அதுக்கப்பறம் சொந்தக்காரங்க கல்யாணப் பத்திரிகையில எல்லாம் 'முன்னாள் துணைவேந்தர்'னு உன்ற பேரு வரும். அந்த முன்னாளுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எந்தக் கோர்ட்டும் தடை போடல.