பரிந்துரைப் படலம்

புதுச்சேரியில் புத்தகப் பரிந்துரை மூன்று வகைப்படும்.

முதலாவது, ஊர்ப்பெருமைப் பரிந்துரை. வெளியூர் நண்பர் கடற்கரைச் சாலையில் காலாற நடக்கத் தொடங்கியதுமே ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு பேச்சில் வந்துவிடும். 1736 முதல் 1761 வரை நீளும் பதிவு அது. ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதி. பரிந்துரைப்பவருக்கு முதல் தொகுதியின் அட்டை நன்றாகத் தெரியும். “எத்தனையாவது தொகுதி ஓடுது?” என்று மறுகேள்வி விழுந்தால், அந்த நாட்குறிப்பை ஆதாரமாக வைத்துப் பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்கள் கைகொடுக்கும். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது என்ற தகவலோடு பேச்சு பத்திரமாகக் கரையேறும்.

இரண்டாவது, இரவல் பரிந்துரை. “கட்டாயம் படிக்கணும் சார்” என்று கையில் திணிக்கப்படும் நூல். முதல் பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்து இருக்கும். மூவருமே அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இத்தகைய நூல்கள் காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் கரை ஒதுங்குவதுண்டு. சொந்தக்காரரே பேரம் பேசி மீட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, நூலகப் பரிந்துரை. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் உள்ள ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. திருப்பித் தரவேண்டிய தேதி முத்திரையாக விழுவதால், நூல் படிக்கப்படவும் வாய்ப்புண்டு. பரிந்துரை பென்சிலில், பக்க ஓரத்தில் நடக்கும்: “அருமை!” என்று ஒருவர், அதன் கீழே “சுமார்” என்று இன்னொருவர். துப்பறியும் நாவல்களில் மட்டும் இந்த அக்கறை எல்லை மீறும். பத்தாம் பக்கத்திலேயே கொலையாளியின் பெயர் வட்டமிடப்பட்டிருக்கும்.