45 நிமிடப் பழங்குடி

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பயணத் திட்டம் வந்து விழுந்தது. எட்டுக் குடும்பம், மூன்று நாள், நீலகிரி. அனுப்பியவர் ஒரு டிராவல்ஸ் ஏஜென்ட். அதில் இரண்டாம் நாளை மட்டும் இங்கே தருகிறேன். தாவரவியல் பூங்கா, 2 மணி நேரம். போட் ஹவுஸ், 2 மணி நேரம். சாக்லேட் ஃபேக்டரி, 1 மணி நேரம். பழங்குடியினர் கிராமம், 45 நிமிடம். இரவில் கேம்ப் ஃபயர், பார்பெக்யூ, ட்ரைபல் டான்ஸ்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று அந்த மாவட்டத்தில் ஆறு பண்டைய பழங்குடிகள். ஆறு இனத்துக்கும் சேர்த்து 45 நிமிடம். இனத்துக்கு ஏழரை. யார் போட்ட கணக்கோ, எண் சரியாகத்தான் அமைந்திருக்கிறது. அவர்களை இருநூறு வருடமாகப் பிடித்திருப்பதும் அதுதான்.

ஊட்டிக் குளிரில் கொக்கோ விளையாது. ஆனாலும் சாக்லேட் அந்த ஊரின் பெருமை. அதற்கு முழுதாக ஒரு மணி நேரம். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அதில் கால் மணி குறைச்சல்.

இப்போது ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும். சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் ஏறுகின்றன என்று கேட்டு மிரண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே மாதம் அதைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது. வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்க சென்னை ஐஐடியையும் பெங்களூர் ஐஐஎம்மையும் கேட்டிருக்கிறார்கள். மலையில் இருப்பவனைக் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் பதில் சொல்லியிருப்பான். அவனிடம் எம்பிஏ இல்லை.

சரி, பாஸ் எடுத்தேன். செல்போன் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள். இரண்டு நிமிடம். வந்துவிட்டது, கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு. அந்த மலைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் பாட்டன் அங்கே ஒரு புல்லைக்கூடப் பிடுங்கியதில்லை. எனக்கு இரண்டு நிமிடம்.

இனி அங்கே பிறந்தவன் கதை. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே இந்தக் காட்டு நிலத்தில் இருக்கிறாய் என்று காட்டு, உரிமைப் பட்டா தருகிறோம் என்றது சட்டம். காட்டு என்றால்? கிராம சபையில் மனு கொடு. அது உபகோட்டக் குழுவுக்குப் போகும். அங்கிருந்து மாவட்டக் குழுவுக்குப் போகும். போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் அது போய்ச் சேர்ந்தாலும் முதலில் பட்டாவுக்கு வழியில்லாமல் இருந்தது. பட்டா கொடுப்பதானால் எங்களைக் கேட்டுவிட்டுக் கொடு என்று 2008-இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவை, 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் விலக்கியது. எட்டு வருடம், பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கோர்ட் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றது.

செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 பிப்ரவரி, தெப்பக்காடு யானைகள் முகாம். யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் தொடங்கிவைக்க வந்தார் அன்றைய வனத்துறை அமைச்சர். கோயிலுக்குப் போக வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். குனிந்தால் கழற்றிவிடலாம். குனிவதும் அவர்கள் கட்சிக்குப் புதிதல்ல. ஆனால் பக்கத்தில் ஒரு பழங்குடிச் சிறுவன் நின்றான். கூப்பிட்டார், கழற்றச் சொன்னார். சுற்றி அதிகாரிகள், எதிரே கேமரா. நாடே பார்த்த பிறகு, பேரன் மாதிரி நினைத்துத்தான் கூப்பிட்டேன் என்று விளக்கம் வந்தது. வருத்தமும் வந்தது. அன்று புத்துணர்வு யானைக்கு மட்டும்தான் ஒதுக்கீடு.

பேரன் மாதிரி. நாம் மலைக்குப் போகும்போதெல்லாம் உறவு கொண்டாடிக்கொண்டேதான் போகிறோம். நமக்கு முன்பே போன வெள்ளைக்காரன், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியில் கல் பங்களா கட்டியது 1820-களின் தொடக்கத்தில். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பார்கள். வெள்ளைக்காரனாவது ஒரு ரூபாய் கொடுத்தான். தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஊட்டக்கமண்ட் என்று அவன் வாயில் நுழைந்தபடி சொன்னபோதும் அந்த மந்து வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் உதகமண்டலம் என்று மங்களகரமாக மாற்றினோம். மந்து மண்டலத்துக்குள் கரைந்துவிட்டது. நிலம் போனது, புல் போனது, பெயரும் போனது.

புல் போன கதை தனி. தோடனுக்கு எருமை உயிர். எருமைக்குப் புல்வெளி உயிர். வெள்ளைக்காரன் தொடங்கிவைத்தான். சுதந்திர இந்தியாவின் வனத்துறை, வெறும் புல்தானே என்று அந்தப் புல்வெளியில் மேலும் மேலும் தைலமரமும் சீகை மரமும் நட்டது. வனம் வளர்க்கிறார்களாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தடியில் நின்றுதான் நாம் மூச்சை இழுத்து, ஆகா, என்ன இயற்கை என்கிறோம்.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறினால் மஞ்சக்கல் மந்து. போன முறை அங்கே கண்ட காட்சி இது. ஒரு தோடர் பெண்மணி வெயில் விழுந்த திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி, சிவப்பு, கறுப்பு நூல். கோடு கிடையாது, அச்சு கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார், அதுவும் துணியின் பின்புறத்திலிருந்து. ஒரு போர்வை முடியப் பல வாரம் ஆகுமாம். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம்மவர் ஒருவர் வந்தார். தலையில் மங்கி கேப், கழுத்தில் மஃப்ளர், கையில் மிளகாய் பஜ்ஜி.

"என்னம்மா விலை?"

"ஐயாயிரம்."

"ஐயாயிரமா? கீழ மார்க்கெட்ல இதே டிசைன் முந்நூத்தம்பது."

கீழே இருப்பது மிஷின் தையல். அந்தப் பெண்மணி அதைச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்திருக்க வேண்டும். நம்மவர் போர்வை வாங்கவில்லை. போட்டோவுக்கு மட்டும் நிற்கச் சொன்னார். நின்றார். அதிலும் திருப்தியில்லை.

"அந்த ஸ்வெட்டரைக் கழட்டிட்டு, போர்வையை மட்டும் போத்திட்டு நில்லுங்கம்மா. ஒரிஜினலா இருக்கும்."

குளிர் ஊசி ஊசியாக ஏறுகிறது. மங்கி கேப்புக்குள் இருந்துகொண்டு ஒரிஜினல் கேட்கிறார். அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருந்த பழைய குடிசையைப் படம் பிடித்தார். அதன் குட்டை வாசலில் தலையை நுழைத்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பக்கத்திலேயே காங்கிரீட் வீடு, டிஷ் ஆன்டெனா. அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. இவங்க முன்ன மாதிரி இல்லப்பா என்று மனைவியிடம் வருத்தப்பட்டார். இவர் மட்டும் முன்ன மாதிரியே பல்லவர் காலத்துப் பஞ்சகச்சத்தில் காரை ஓட்டி வந்திருக்கிறார்.

சமவெளியிலிருந்து போகும் நமக்கு யானையும் முன்ன மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் பால்கனியிலிருந்து பார்க்கும் தூரத்தில். மசினகுடிப் பக்கம் யானை போகும் பாதையில் விடுதிகளைக் கட்டினார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது. 2020-இல் அந்த யானை வழித்தடம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில், விடுதியொன்றின் பக்கம் வந்த ஒரு கொம்பன் மீது எரியும் டயரை எறிந்தார்கள். அது காதில் சிக்கிக்கொண்டது. ஏற்கெனவே காயத்தோடு திரிந்த யானை, தலையில் நெருப்போடு ஓடியது. செத்துப்போனது. வீடியோ இருக்கிறது, பார்க்காதவர்கள் பார்க்க வேண்டாம். யானை ஊருக்குள் புகுந்தது என்று அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நேற்று ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் குழு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ராத்திரி ட்ரைபல் டான்ஸ்னு போட்டிருக்கீங்களே, எந்த இனத்துக்காரங்க?"

"உங்களுக்கு எந்த இனம் வேணும் சார்?"

ஒரு நொடி எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே விளக்கினார். ரிசார்ட் பையன்கள்தானாம். பகலில் ரூம் சர்வீஸ், ஏழு மணிக்கு மேல் ட்ரைபல். இலை, தழை, முகத்துக்குக் கரி, எல்லாம் பேக்கேஜில் அடக்கம். நிஜப் பழங்குடியினரைக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். வேட்டி சட்டையில் வந்து, குழல் ஊதி, நிதானமாக ஆடினார்களாம். கஸ்டமருக்குப் பிடிக்கவில்லை. ரேட்டிங் குறைந்துவிட்டதாம்.

குழுவிலிருந்து ஒரு நண்பர் குறுக்கே புகுந்தார். "எந்த இனமோ இருக்கட்டும்ங்க. அந்த 45 நிமிஷ கிராமத்தை வேணா தூக்கிருங்க, அங்க என்ன இருக்கு, நாலு வீடு. ஆனா கேம்ப் ஃபயர்ல குறை வெக்கக் கூடாது. நெருப்பு நல்லா பெருசா எரியணும்."

"நெருப்பு எங்க பொறுப்பு சார்" என்றார் ஏஜென்ட்.