மானிட்டர் தனி

முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் பொறுக்கிக்கொண்டிருப்பவனைக் கண்டுபிடிப்பது சுலபம். சாப்பிட உட்காருவான். எதிர்ச் சுவரைப் பார்த்து, "பி450 போதும்" என்பான். ரசம் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு நின்று, "போதுமா? இன்னும் ஊத்தவே இல்லியேடா" என்பாள்.

வயது பத்தொன்பது, இருபது. வீடு மடிப்பாக்கத்திலோ அம்பத்தூரிலோ இருக்கும். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ், எந்த குரூப் என்று முடிவுசெய்ய இவனுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. அதிலும் பாதி நேரம், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டதில் போனது. அதே பிள்ளைதான் இப்போது 3200 வேக ரேம் போதுமா, 3600 வேண்டுமா என்று ராத்திரி இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். வித்தியாசம் ஏதோ நாலைந்து ஃப்ரேம். அது கண்ணுக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

பட்ஜெட் 50,000 ரூபாய். அப்பா ஒப்புக்கொண்டது நாற்பதாயிரம். பாட்டி, அப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்தது ஐந்தாயிரம். மீதி ஐந்து இவனுடைய சொந்தச் சேமிப்பு. எதிலிருந்து சேமித்தான் என்று துருவக் கூடாது.

இந்தப் பணத்துக்கு நியாயமான பட்டியல் ஒன்று இருந்தது. ரைசன் 5 5600 பிராசஸர், ஆறு கோர். அதற்கேற்ற பி450 மதர்போர்டு. எட்டு எட்டாக இரண்டு ரேம். பதினாறாக ஒன்றே வாங்கினால் ஒற்றைச் சேனலில் ஓடி விளையாட்டு திக்கும். 500 ஜிபி எஸ்எஸ்டி. மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கும் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. ஃபுல் எச்டி திரையில் விளையாட இது தாராளம். இதை அவன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். அன்றைக்கே கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போயிருந்தால் சாயங்காலம் விளையாடியிருக்கலாம்.

போகமாட்டான். "இன்னும் கொஞ்சம் போட்டா" என்று ஒன்று இருக்கிறதே!

இன்னும் நாலாயிரம் போட்டால் ஆர்டிஎக்ஸ் 3060 வரும், 12 ஜிபி. அவ்வளவு தூரம் வந்தவன் இன்னும் ஐயாயிரம் போட்டால் 5060. அதை வாங்கிவிட்டுப் பழைய 5600-ஐ வைத்தால் கார்டின் வேகத்துக்கு பிராசஸர் ஈடுகொடுக்குமா? சரி, 7600. அது ஏஎம்5 சாக்கெட், பி450-இல் உட்காராது. புதுப் போர்டு வேண்டும். புதுப் போர்டில் டிடிஆர்4 ரேம் நுழையாது, டிடிஆர்5 வேண்டும். இவ்வளவும் வாங்கிவிட்டு, இதற்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று கஞ்சத்தனம் பார்ப்பானா? 650. பதினொரு மணிக்கு ஐம்பதாயிரத்தில் தொடங்கியவன் ஒன்றரை மணிக்கு 96,000-இல் நிற்பான். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பான். பட்டியலை மொத்தமாக அழிப்பான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "ஐ3 12100எஃப்" என்று அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறத் தொடங்குவான். இதில் எந்தப் படியிலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருக்கிறான். காரணங்களின் கூட்டுத்தொகைதான் உதைக்கிறது.

அவனுக்குக் கொள்கைகளும் உண்டு. தலையாயது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்தே தருகிற பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை அவன் கையால்கூடத் தொடமாட்டான். தொட்டால் தூக்கிப் பார்ப்பதற்குத்தான்: "பாரு மச்சி, வெயிட்டே இல்ல. உள்ள ஒண்ணுமே கிடையாது. இது வெடிச்சா போர்டு, கார்டு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிடும்." 80 பிளஸ் வெண்கல முத்திரை இல்லாதவர்களை மனிதர்களாக மதிப்பதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, அவர்களைப் பரிதாபமாக நிமிர்ந்து பார்ப்பான்.

இரண்டாவது கொள்கை, வண்ண விளக்கு கூடாது. "லைட்டுக்குக் காசு போடுறவன் கேமரே இல்ல." கடைசியில் அவன் வாங்கியது ஏழு வர்ணத்திலும் எரியும் மூன்று ஃபேன் வைத்த கேபினட். கேட்டால், அதே விலையில் விளக்கு இல்லாதது ஸ்டாக் இல்லையாம்.

"ரெடிமேடா வாங்கினா என்னடா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். இவன் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "கடையில வாங்கின சாம்பார்பொடியில என்னத்தப் போட்டு அரைச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?" அந்த வீட்டில் இவனைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அம்மாதான் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது, அம்மா உட்பட.

இவன் பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவில் எடுத்தவை. மைக்ரோ சென்டர் கடையில் இந்த வாரம் எந்த போர்டும் பிராசஸரும் சேர்த்துத் தள்ளுபடி என்று நமக்குத் தெரியுமா? இவனுக்குத் தெரியும். டாலரை ரூபாயாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். நம் ஊரில் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேரும். அந்த வீடியோக்காரர் எவரும் மின்வெட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. நம் வீடுகளில் வாங்கி வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ், மும்முரமாக ஓடும் கேமிங் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தால் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோகும். அதற்கு ஒரு தனிப் பட்டியல் போட வேண்டும். போடுவான்.

நிஜத் திறமை காத்திருப்பதில். பத்தாவது படிக்கும்போதே தொடங்கிவிட்டான். 2021-இல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கார்டுகளை வாரிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். விலை எட்டாத உயரத்தில். பொறுத்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது, கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலை அதோடு ஒழிந்தது, பழைய கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வாங்கினானா? "ராப்பகலா வெந்த கார்டு மச்சி, வேணாம்." 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியைக் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதற்காகவும் காத்திருந்தான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு இருபத்தெட்டு பதினெட்டானது. இவன் பட்டியலில் இருந்தவை அதே பதினெட்டில் நின்றன. சரி, தீபாவளி முடியட்டும், ஆஃபரில் மிஞ்சியதைத் தள்ளிவிடுவார்கள் என்று இன்னும் கொஞ்சம் ஆறப்போட்டான். அதற்குள் ஏஐ கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரி சிப்பையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள, ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. நாலு வருஷம் காத்திருந்தவன் நாலு வாரம் முன்னால் வாங்கியிருக்க வேண்டும். இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ரேமைப் பற்றி யாராவது பேசினால் இப்போதும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறான்.

ஒருவழியாக அப்பாவையும் மகனையும் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கிவிட்டது. ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று இடித்துக்கொண்டும் பிடித்துக்கொண்டும் நடந்தார்கள். கேபிள் மூட்டையோடு வருகிறவரும் டிவிஎஸ்ஸில் நாலு மானிட்டர் கட்டிக்கொண்டு வருகிறவரும் ஒருசேர ஹாரன் அடிக்கும் தெரு அது. கடைக்காரர் இவன் நீட்டிய தாளை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இந்த போர்டு வரல. அதே ரேட்ல இது எடுத்துக்கங்க. காலையில இருந்து நாலு பீஸ் போயிருக்கு." நாற்பது வீடியோ பார்த்து, மூன்று நண்பர்களோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு தேர்ந்தெடுத்த போர்டு. அதை அரை நிமிஷத்தில் விட்டுக்கொடுத்து, "சரிண்ணா" என்றான்.

அப்பா பில்லைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"டிவி பொட்டி எங்கடா?"

"அது மானிட்டர்ப்பா."

"சரி, அது எங்க?"

"மானிட்டர் தனிப்பா."

கடைக்காரர் அவசரமாக மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்கத் தொடங்கினார். இந்த இனத்தின் கணக்கில் ஐம்பதாயிரம் என்றால் பெட்டி மட்டும். மானிட்டர் தனி. கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் தனி. விண்டோஸும் தனி, அதைப் பற்றி அப்பா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "உக்காந்து விளையாட சேராவது வீட்ல இருக்கிறது போதுமா, அதுவும் தனியா?" என்று அப்பா கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் நின்ற விதத்தில் அவருக்குக் கொஞ்சம் வியர்த்தது.

"நாங்களே மாட்டித் தந்துடறோம்" என்ற கடைக்காரரை அவன் முறைத்தான். வீட்டில் ஹால் நடுவே பாய் விரித்து, ராத்திரி பத்து மணி வரை தானே மாட்டினான். பின்பக்கத் தகட்டை மறந்து, போர்டைக் கழற்றி மறுபடி பொருத்தினான். பட்டனை அழுத்தினான். மூன்று ஃபேனும் ஏழு வர்ணத்தில் சுற்றின. தனியாக வாங்கிய மானிட்டரின் திரையில் ஒரு புள்ளி வெளிச்சமில்லை. "கல்யாண வீடு மாதிரிதான் இருக்கு" என்றாள் பாட்டி, தன் ஐந்தாயிரத்தை நினைத்துக்கொண்டு.

மறுநாள் கேபினட்டைப் பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு அதே ரயில், அதே தெரு. மீசை அரும்பாத கடைப்பையன் ஒருவன் பின்பக்கம் திருப்பி, "எதுலண்ணா குத்தினீங்க?" என்றான். இவன் மதர்போர்டில் இருந்த எச்டிஎம்ஐ ஓட்டையைக் காட்டினான். பையன் தன் கேபிளை அதற்கு ஒரு சாண் கீழே, கிராபிக்ஸ் கார்டில் செருகினான். படம் வந்துவிட்டது. 5600-க்குள் கிராபிக்ஸே கிடையாது, போர்டில் குத்தினால் எதுவும் வராது என்று மூன்று பேருக்கு வகுப்பெடுத்தவன் இவன். பையன் காசு வாங்கவில்லை. ஒரு டீ மட்டும் கேட்டான். டீயைக் குடித்துக்கொண்டே, "எல்லாரும் இதத்தாண்ணா பண்றாங்க" என்று ஆறுதலும் சொன்னான். அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது விளையாடுகிறான். விளையாட்டைப் பார்க்கிறானா என்றால், இல்லை. திரையின் மூலையில் ஃப்ரேம் கணக்கு ஓடுகிறது, கண் அதில்தான். எதிரி வந்து சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போகிறான். இவன் செத்துக் கிடந்தபடியே, "ஆனா சாகும்போது 140 இருந்துச்சு மச்சி" என்கிறான்.

போன வாரம் அப்பாவின் ஆபீஸ் நண்பர் போன் பண்ணினார், பையன் ஏதோ கம்ப்யூட்டர் கேட்கிறான் என்று. அப்பா ஈஸிசேரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பிராசஸரெல்லாம் கெடக்கட்டும் சார். எஸ்எம்பிஎஸ் என்ன போடறான், மொதல்ல அதக் கேளுங்க. கைல தூக்கிப் பாத்து வாங்கச் சொல்லுங்க."