உரியாத லேபல்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறை, தோலை உரிக்கும் கிளைகோலிக் அமிலம் ஒரு பீப்பாய், தங்க எழுத்தில் லேபல். சொந்த பிராண்ட் தொடங்க வேறென்ன வேண்டும்? அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் மீளாய்வுக் குழு மட்டும் அநாவசியமாகக் கவலைப்படுகிறது: வீட்டில் பூசும் பொருளில் இந்த அமிலம் 10 வீதத்தைத் தாண்டக்கூடாதாம், பிஎச் 3.5க்குக் கீழே இறங்கக்கூடாதாம், வெயிலிலிருந்து காப்பும் வேண்டுமாம். நம்மவரோ 30 வீதம் தருகிறார். அதே விலைக்கு மூன்று மடங்கு, இதல்லவா தாராளம்! பிஎச் அளக்கவில்லையே என்கிறார்கள். அளந்தால்தானே குறைந்தது தெரியவரும். முகம் எரிகிறதே என்கிறார்கள். எரியாத மருந்தை நம்மூரில் யார் நம்பினார்கள்? பூமத்திய ரேகைக்கு 7 பாகை தள்ளியிருக்கும் கண்டியில், தோல் உரிந்த முகத்தை வெயில் சும்மா விடுமா என்பது அடுத்த கேள்வி. விடாது. முகம் கறுக்கும்; கறுத்தால் இன்னொரு போத்தல் வாங்குவார்கள். பேராதனையில் நான்கு வருடம் படித்தாலும் இப்படியொரு வியாபாரச் சுழற்சி கைவராது. சோதனையே செய்யவில்லை என்பதோ வெறும் அவதூறு. பெரஹரா கால மழையில் நனைத்துப் பார்த்து, லேபல் உரியாது என்று உறுதிசெய்த பிறகே சந்தைக்கு அனுப்புகிறார். சன்ஸ்கிரீன் தனியாக விற்பனைக்கு உண்டு.